பாறை மடத்துக்குப் போன பெண்பிள்ளை

செவெல்மாவுக்கு வயது நாற்பத்து நான்கு. அவள் முழங்கால்களைக் கேட்டால் அறுபது என்று சொல்லும். ஊர்ப் பள்ளிக்கூட விடுதியின் சமையற்கட்டில் ஆட்டுக்கறிக் கொப்பரையைத் தூக்கியும் இறக்கியும் தேய்ந்த முழங்கால்கள். மேய்ச்சலுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் பனிக்காலம் முழுக்க அங்கேதான் தங்கிப் படிக்கும். எந்தப் பிள்ளை கொழுப்பை ஒதுக்கும், எந்தப் பிள்ளை இன்னொரு கரண்டி கேட்க வெட்கப்பட்டு வாசல் ஓரமாக நிற்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அவள் பிள்ளைகள் வளரவில்லை.

மூத்தவன் மூன்று வயதைத் தொடும் நேரத்தில், வசந்தகாலப் புழுதிக்காற்றோடு வந்த காய்ச்சலில் போனான். அடுத்தவன் பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்டான். அந்த ஊரில் இதற்குச் ‘செத்தான்’ என்று சொல்ல மாட்டார்கள், ‘கைநழுவிப் போனான்’ என்பார்கள். எப்படிச் சொன்னால் என்ன, தொட்டில் காலிதான். கணவன் லுவ்சான் தெற்கே கோபிப் பாலைவனத்தில் நிலக்கரி லாரி ஓட்டுகிறவன். இரண்டு தடவையும் லாரியைப் பாதி வழியில் போட்டுவிட்டு ஓடி வந்தான். இரண்டு தடவையும் எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தான். அதற்கப்புறம் அவர்களுடைய கம்பளிக் கூடாரத்தில் குழந்தை என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. பேச்சை எடுக்காவிட்டாலும், நாற்பத்திரண்டாவது வயதில் செவெல்மாவின் வயிற்றில் மூன்றாவதாக ஒன்று தங்கியது.

பிள்ளை பிறந்த அன்று பக்கத்துக் கூடாரத்துப் பெண்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு, அவள் கேட்பதற்கு முன்னாலேயே ஒரே குரலாக, “பொண்ணு பொறந்திருக்கு, அசிங்கமான பொண்ணு” என்று வெளியே போய் உரக்கச் சொன்னார்கள்.

மெதுவாகச் சொல்ல வேண்டிய சங்கதி இது. பிறந்தது பெண்ணல்ல.

ஒரு வீட்டில் ஆண்பிள்ளைகள் அடுத்தடுத்துக் கைநழுவினால், எதுவோ ஒன்று ருசி கண்டுவிட்டது என்று அர்த்தம். ருசி கண்ட பூனை உறியை விடாது. அது மறுபடி வாசலுக்கு வரும்போது ஆண்பிள்ளை இல்லை என்று காட்டி அனுப்ப வேண்டும். அதனால் குழந்தைக்கு எனெபிஷ் என்று பெயர் வைத்தார்கள். ‘இது இல்லை’ என்று பொருள். வந்தது வாசலில் நின்று பெயரைக் கேட்டால், நீ தேடுவது இதில்லை என்று பெயரே பதில் சொல்லிவிடும். முடி வளர்ந்ததும் இரண்டு பின்னல் போட்டு ரோஸ் நாடா கட்டினார்கள். பவழ மணி மாட்டினார்கள். தூரத்து உறவுப் பெண்பிள்ளைகள் போட்டுக் கழித்த பாவாடைகள் மூட்டையாக வந்து சேர்ந்தன. வெளியே கிளம்பும்போதெல்லாம் நெற்றியில் அடுப்புக்கரி. லுவ்சான் சுங்கச்சாவடி வரிசையில் லாரியை நிறுத்திவிட்டுப் போன் பண்ணும்போதுகூட, “நம்ம பொண்ணு சாப்பிட்டாளா?” என்றுதான் கேட்பான். சுவருக்கே காது உண்டு என்பார்கள். கம்பளிக் கூடாரத்துக்குக் கேட்கவா வேண்டும்?

செவெல்மா அந்த வார்த்தையை, ‘மகனே’ என்ற வார்த்தையை, ஒரு தடவைகூட உச்சரிக்கவில்லை. தூக்கத்தில் உளறிவிடுவோமோ என்ற பயத்தில், குழந்தை தூங்கும் பக்கத்துக்கு முதுகைக் காட்டிப் படுத்தாள். பயப்படுவதும் ஒரு வேலைதான். கொப்பரை தூக்குவதைவிடப் பெரிய வேலை. அதற்கு விடுமுறை கிடையாது.

அந்தக் கோடையில் குழந்தைக்கு, வயிற்றில் இருந்த காலத்தையும் சேர்த்து எண்ணுகிற ஊர்க்கணக்குப்படி, மூன்று வயது ஆயிற்று. ஆண்பிள்ளைக்கு முதல்முடி எடுப்பது மூன்றில் அல்லது ஐந்தில். நாள் கேட்கப் போனபோது ஊர் லாமா கதவைச் சாத்திக்கொண்டு அவள் காதோடு சொன்னார். முடியைப் பாறை மடத்தில், மடத்துக்கும் மேலே மலை உச்சியில் இருக்கும் புனிதக் கற்குவியலுக்குப் பக்கத்தில்தான் எடுக்க வேண்டும். பன்னிரண்டு மிருகங்களின் பெயரில் வருஷம் எண்ணும் ஊர்ப் பஞ்சாங்கத்தில் குழந்தை பிறந்தது நாய் வருஷம், அதனால் முதல் கத்தரி வைக்கிற ஆள் குதிரை வருஷத்தில் பிறந்த ஆணாக இருக்க வேண்டும். முடி வெட்டுப்பட்டதும் அது அந்த மலையின் பிள்ளை, பிறகு எவனும் தொட முடியாது, மகன் என்று ஊரைக் கூட்டியே சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கத்தரி படுவதற்கு முன்னால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. மலையடியில் கேட்கிற காதுகள் அதிகம்.

குதிரை வருஷத்து ஆளாகக் கிடைத்தவன் கோம்போ. சாம்பல் நிற ரஷ்ய வேன் ஓட்டுகிறவன். உடம்பு ஒரு மூட்டை, வாய் ஒன்பது மூட்டை. செவெல்மாவுக்குச் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. விடுதியில் படித்த காலத்தில் அவளிடம் அதிகக் கறி வாங்கித் தின்ற நன்றி மட்டும் உண்டு.

இப்படியாக அன்று காலை மூன்று பேரும் கிளம்பினார்கள். லார்ச் மரக்காட்டின் தொடக்கத்திலேயே வேன் சேற்றில் இறங்கி, முனகி, நின்றுவிட்டது. கோம்போ இறங்கி நான்கு சக்கரத்தையும் சுற்றிப் பார்த்தான். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு வசவு கொடுத்தான்.

“அக்கா, இது இனிமே அசையாது. மழை பெஞ்சு பாதைய தின்னுடுச்சு. நடக்கணும்.”

“எவ்ளோ தூரம் தம்பி?”

“மேல வரைக்கும்.”

“அது எனக்கும் தெரியும். எவ்ளோ தூரம்?”

“சொன்னா நீ உக்காந்துருவ. சொல்ல மாட்டேன்.”

மூன்று வயதுக் குழந்தையோடு மலை ஏறுவது என்பது மலை ஏறுவது அல்ல. அது வேறு ஒரு தொழில். குழந்தை பத்தடி நடக்கும், ஒரு காயைப் பொறுக்கும், அதைக் காட்டுவதற்குப் பின்னால் இருபதடி வரும். எறும்பைப் பார்த்தால் உட்காரும். எறும்பு போய்விட்டால் அழும். தூக்கினால் இறக்கிவிடு என்று உதைக்கும், இறக்கிவிட்டால் தூக்கு என்று காலைக் கட்டிக்கொள்ளும். செவெல்மா அதைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் இடுப்பு விட்டுப்போயிற்று. கோம்போ வாங்கித் தோளில் வைத்துக்கொண்டான். அவன் தொப்பியைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்துவிட்டு அது கைதட்டியது.

“அடியே, அது எங்கப்பன் தொப்பிடி!” என்று கத்திக்கொண்டு கோம்போ பள்ளத்தில் இறங்கினான். ஏறி வரும்போது அவனுக்கு மூச்சு வாயாலும் வரவில்லை, மூக்காலும் வரவில்லை. “அக்கா, நான் எந்த வருஷத்துல பொறந்தேன்னு உனக்கு எந்தப் பாவி சொன்னான்? நான் பன்னி வருஷம்னு சொல்லியிருப்பேனே.”

“பாத்தாலே தெரியுது, சொல்லவும் வேணுமா?” என்றாள் செவெல்மா. சிரிக்கக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை. சும்மா சொல்லிவைத்தாள்.

ஒரு பாறையில் உட்கார்ந்து குடுவையிலிருந்த உப்புத் தேநீரைக் குடித்தார்கள். குழந்தைக்குக் காய்ந்த தயிர்க்கட்டி ஒன்றைக் கையில் கொடுத்தாள். அது சப்பிக்கொண்டே அவள் மடியில் தலையைப் போட்டது. மேலே இருந்து தலைநகரத்துப் பெண்கள் இரண்டு பேர், கறுப்புக் கண்ணாடியும் தண்ணீர்க் குப்பியுமாக இறங்கி வந்தார்கள்.

“ஐயோ, எவ்ளோ அழகான பொண்ணு!” என்றாள் ஒருத்தி.

செவெல்மாவுக்குக் குளிர் எடுத்தது. “அழகாவது ஒண்ணாவது, மூஞ்சியப் பாருங்க, பெருச்சாளி மாதிரி” என்று அவசரமாகச் சொல்லிக் குழந்தையின் முகத்தைத் தன் அங்கிக்குள் புதைத்தாள். அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு போனார்கள்.

“பட்டணத்துக்குப் போனா மரியாதை மறந்துடும் போல” என்று கோம்போ அவர்கள் முதுகைப் பார்த்துக் கருவினான். “பெத்தவ முன்னாடியே அழகுன்னு சொல்றாளுங்க! வெக்கமே இல்லாம!” அவன் குனிந்து குழந்தையிடம், “அசிங்கம், அசிங்கம், உன்னைய மாதிரி அசிங்கத்த நான் பாத்ததே இல்ல” என்று கொஞ்சினான். குழந்தை குளிர்ந்துபோய்ச் சிரித்தது. செவெல்மா கரித்துண்டை எடுத்து, அழிந்திருந்த நெற்றிப்பொட்டை மறுபடி தடவினாள்.

பிறகும் ஏறினார்கள். வேர்களைப் பிடித்து ஏறினார்கள். குழந்தை ஒரு தடவை விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டது. ஒரு தடவை மூத்திரம் வருகிறது என்றது. செவெல்மா அதைப் புதருக்குப் பின்னால் கூட்டிப்போய், பெண்பிள்ளைக்குச் செய்வதுபோல உட்காரவைத்துப் போகச் சொன்னாள். இத்தனை வருஷப் பழக்கம். கை தானாகச் செய்தது. மனசுக்குள் ஒரு சலிப்பு மட்டும் ஏறி ஏறி வந்தது. முடியட்டும், இன்றைக்கோடு இந்த வேஷம் முடியட்டும் என்று ஒவ்வொரு அடிக்கும் சொல்லிக்கொண்டாள்.

பாறை மடம் வந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. பாறையில் ஒட்டவைத்த நாலைந்து சிறு கோயில்கள். பிரார்த்தனைச் சக்கரங்களைச் சுற்றி, விளக்கு வைத்து, கோயில்களுக்குப் பின்னால் போனார்கள். அங்கேதான் உச்சிக்குப் போகிற கல்படிகள் தொடங்குகின்றன. படிகளுக்குக் குறுக்கே ஒரு கயிறு. கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. முக்காலியில் ஜிக்மெத் என்ற கிழவர், மூக்குப்பொடிக் குப்பியோடு உட்கார்ந்திருந்தார். மடத்துக்குச் சேவை செய்கிற குடும்பஸ்தர். அவருக்கு இருந்தது ஒரே வேலை. கயிற்றுக்கு மேலே பெண்களை விடக் கூடாது. உச்சி ஆண்களுக்கு மட்டும்.

இது செவெல்மாவுக்குத் தெரியாததா? ஊருக்கே தெரியும். தான் கீழே நிற்க வேண்டும், கோம்போ குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேலே போவான், மேலே காத்திருக்கிற லாமா மந்திரம் சொல்ல அவன் கத்தரி வைப்பான் என்றெல்லாம் கணக்குப் போட்டுத்தான் வந்திருந்தாள். வெட்டி முடித்ததும் போடுவதற்குப் புது நீல அங்கிகூட மூட்டையில் இருந்தது. கோம்போ கிழவரிடம் முறைப்படி மூக்குப்பொடிக் குப்பி மாற்றி, முகர்ந்து, நலம் விசாரித்து, குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கயிற்றைத் தூக்கினான்.

கிழவர் கைத்தடியை நீட்டினார். “நீ போ தம்பி. பொண்ண எறக்கி விட்டுட்டுப் போ.”

செவெல்மாவுக்கு முதலில் புரியவில்லை. எந்தப் பெண் என்றுதான் அவள் மனசு தேடியது. பிறகுதான் கோம்போவின் தோளில் இரண்டு பின்னல்களும் ரோஸ் நாடாவும் பவழ மணியும் ஆடுவதைப் பார்த்தாள். தான் சொன்ன பொய்யை ஒரு வேற்று ஆளும் நம்புவான் என்பதையே அவள் மறந்துபோயிருந்தாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

“பெரியவரே” என்று கோம்போ குழைந்தான், “முதல்முடி எடுக்கக் கொண்டு வந்திருக்கோம். லாமா மேல காத்துக்கிட்டிருக்காரு.”

“எடுங்க, நல்லா எடுங்க. கீழ முற்றத்துல எடுங்க. பொம்பளப்புள்ளைக்கு அங்கதான் எடுக்கறது.”

“இல்ல, உச்சியிலதான் எடுக்கணும்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. கொஞ்சம் பாத்து…” கோம்போ ஒரு கண்ணைச் சிமிட்டினான்.

“என்ன தம்பி, கண்ணுல தூசியா?”

“தூசி இல்ல.” மறுபடியும் சிமிட்டினான். “நல்லா யோசிச்சுப் பாருங்க பெரியவரே. இந்தப் புள்ள… அதாவது, இது… பாக்கறதுக்கு எப்படி இருந்தாலும்…”

செவெல்மா அவன் கையைப் பிடித்துக் கிள்ளினாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

கிழவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. கயிறு கட்டிய நாளிலிருந்து மந்திரி வீட்டுப் பெண்கள் வரைக்கும் வந்து கெஞ்சிப் பார்த்திருக்கிறார்கள். அவர் ஒருத்தியையும் விட்டதில்லை. விட்டால் மலைக்குக் கோபம் வரும், ஆலங்கட்டி விழும், மந்தை சாகும், அந்தப் பாவம் கயிற்றுக்காரன் தலையில் விடியும். அவர் அதை மனசார நம்பினார். செவெல்மாவும் நம்பினாள். அதுதான் சங்கடமே.

கோம்போ அவளை ஓரமாக இழுத்துப் போனான். “அக்கா, என் கோட்டுக்குள்ள சுருட்டித் தூக்கிட்டுப் போயிடறேன். மூட்டைன்னு நெனச்சுக்குவாரு.”

“மூட்டை கத்துமே தம்பி.”

கேட்டால்தானே? கோட்டுக்குள் சுருட்டினான். மூட்டை மூன்றாவது அடியில், “இருட்டு! இருட்டு!” என்று அலறிக்கொண்டு பின்னலை வெளியே நீட்டியது. கிழவர் கைத்தடியால் கோம்போவின் காலில் லேசாகத் தட்டினார். “முப்பது வயசு தாண்டியிருக்கும் போல. புத்தி வரலையே” என்றார்.

குழந்தை கோட்டிலிருந்து விழுந்து எழுந்து நின்றது. கிழவருக்கு அதன்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. குனிந்து, “வா தாயி, வா. இந்த மாமன் உன்னைய ஏமாத்தி எங்கயோ தூக்கிட்டுப் போறான். நீ சொல்லு. நீ பையனா, பொண்ணா?” என்று கேட்டார்.

குழந்தை நிமிர்ந்து நின்றது. வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு, பெருமையாக, “பொண்ணு” என்றது. பிறகு மறந்துபோனதைச் சேர்ப்பதுபோல, “அசிங்கமான பொண்ணு!” என்றது.

கிழவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “கேட்டுக்கிட்டீங்களா? அதுவே சொல்லிடுச்சு.”

கோம்போவும் சிரிக்க வாயெடுத்தான், செவெல்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவள் அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டாள். ஏறி வந்த களைப்பு முழுக்க இப்போதுதான் அவள் உடம்பில் இறங்கியது.

“அக்கா” என்றான் கோம்போ மெதுவாக. “விடு. அஞ்சு வயசுலயும் எடுக்கலாம்ல? இன்னும் ரெண்டு வருஷம். இத்தன நாள் ஓட்டியாச்சு. இன்னும் ரெண்டு வருஷம் ஓட்ட முடியாதா?”

முடியும். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. திரும்பி இறங்கினால் வேஷம் குலையாது. பின்னல் இருக்கும், பாவாடை இருக்கும், பெயர் இருக்கும். இன்னும் இரண்டு பனிக்காலம் முதுகைக் காட்டிப் படுக்க வேண்டும், அவ்வளவுதான். வாயைத் திறந்தாலோ, கத்தரி படுவதற்கு முன்னால், இந்த மலையடியிலேயே, அத்தனை காதுகளும் கேட்கச் சொன்ன மாதிரி ஆகும். மூத்தவனைத் தூக்கிப் போனதற்கு அவள் தன் வாயாலேயே வழி காட்டின மாதிரி ஆகும்.

அவள் குழந்தையைப் பார்த்தாள். அது கிழவரின் கைத்தடியைக் குதிரையாக்கி ஓட்டிக்கொண்டிருந்தது. அசிங்கமான பொண்ணு, அசிங்கமான பொண்ணு என்று பாட்டாகவே பாடியது. அதற்குத் தன்னைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். சொல்லிக்கொடுத்தவள் அவள். அதற்கு ஐந்து வயதாகும்போது அந்தப் பாட்டு எலும்பில் ஊறியிருக்கும். தேடி வருகிற எதுவோ ஒன்று பிள்ளையைத் தூக்கிப் போய்விடும் என்று பயந்து பயந்து, அதற்கு முன்னாலேயே பிள்ளையைத் தானே ஒளித்துத் தொலைத்துவிட்டோமோ என்று அவளுக்குத் தோன்றியது. மூத்தவனைக் காய்ச்சலில் கடைசியாக மகனே என்று கூப்பிட்டது ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் அந்த வார்த்தையை அவள் வாய் தொட்டதில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. அலுப்புத்தான் வந்தது. இவ்வளவு காலம் பயந்ததில் பயமே தேய்ந்துபோயிருந்தது.

எழுந்தாள். கயிற்றருகே போனாள்.

“ஐயா, இது பொண்ணு இல்ல” என்றாள். குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. “இது பையன். என் பையன். இதுக்கு முன்னால எனக்கு ரெண்டு கைநழுவிப் போச்சு. அதனால பொண்ணுன்னு சொல்லி வளத்தேன்.”

கோம்போ இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டான், பேசியது அவன்தான் என்பதுபோல. மரங்களில் காற்று இல்லை. கிழவரின் சிரிப்பு முகத்திலேயே உறைந்து நின்றது. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இவள் ஏன் முதலிலேயே சொல்லவில்லை, அந்தத் தடியன் எதற்குக் கண்ணைச் சிமிட்டினான், தான் கேட்ட கேள்வி எப்படிப்பட்ட கேள்வி, எல்லாமும். அவர் தொப்பியைக் கழற்றினார்.

அடுத்த கணம் முக்காலியை உதைத்துத் தள்ளிக்கொண்டு எழுந்து, மலையடியின் அத்தனை காதுகளுக்கும் கேட்கும்படி, மலையைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார்.

“பொய்! இவ பொய் சொல்றா! பச்சப் பொய்! எனக்குக் கண்ணு தெரியாதா? இது பொண்ணுதான்! பொட்டப்புள்ள!” கத்திக்கொண்டே, ஒரு கையால் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தார். “மேல போகணும்ங்கற ஆசையில ஒரு பொம்பள பொய் சொல்றா, கேட்டுக்குங்க எல்லாரும்!” கயிறு கீழே விழுந்தது. மறுகையால் கோம்போவின் முதுகைப் பிடித்துத் தள்ளினார். “நான் ஒரு பொண்ணத்தான் மேல விடறேன்! தெரிஞ்சுதான் விடறேன்! அந்தப் பாவம் எனக்கு! ஜிக்மெத் தலையில விழட்டும்!”

கோம்போ ஒரு விநாடி திகைத்தான். பிறகு அவனுக்கும் பொறி தட்டியது. மூட்டையையும் குழந்தையையும் வாரித் தோளில் போட்டுக்கொண்டு, “ஆமா, பொண்ணு! பொண்ணு! அசிங்கமான பொண்ணு!” என்று தொண்டை கிழியக் கத்தியபடியே படிகளில் ஓடினான். அவ்வளவு கனத்த உடம்பு அவ்வளவு வேகமாக ஏறும் என்று யாரும் சொல்லியிருந்தால் செவெல்மா நம்பியிருக்க மாட்டாள். தோளில் குழந்தையும் சேர்ந்து, “பொண்ணு! பொண்ணு!” என்று குதூகலமாகக் கத்தியது. பாறை திரும்பியதும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

கிழவர் முக்காலியை நிமிர்த்தி அவளை உட்காரச் சொன்னார். தான் தரையில் உட்கார்ந்தார். கயிற்றை எடுத்து மறுபடி கட்டவில்லை. கிழவர் பொடி எடுக்கப் பார்த்தார், குப்பி சாய்ந்து பொடி முழுக்க அங்கியில் கொட்டியது. வானத்தைப் பார்த்தார். செவெல்மாவும் பார்த்தாள். ஒரு மேகம் வந்தது. அது ஆலங்கட்டி மேகமா, வெறும் மேகமா என்று இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது வெறும் மேகமாகப் போயிற்று.

“நான் கேட்டிருக்கக் கூடாது” என்றார் கிழவர்.

“உங்களுக்கு எப்படித் தெரியும் ஐயா.”

“வயசு ஆச்சுல்ல. தெரிஞ்சிருக்கணும்.”

உச்சியிலிருந்து வெண்சங்கின் ஓசை வந்தது. லாமா ஊதுகிறார். கத்தரி வைத்தாயிற்று என்று அர்த்தம். செவெல்மா கைகளைக் கூப்ப நினைத்தாள். கைகள் மடியிலேயே கிடந்தன. தூக்க முடியவில்லை.

நெடுநேரம் கழித்துக் கோம்போ இறங்கி வந்தான். அவன் மார்பில் நீலப் பட்டுத்துண்டில் பொதிந்த முடி இருந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து நிறுத்தி நிறுத்தி, மொட்டைத் தலையும் நீல அங்கியுமாக ஒரு பையன் வந்தான். செவெல்மாவுக்கு மூத்தவனே இறங்கி வருகிற மாதிரி இருந்தது. அதே நெற்றி, அதே துருத்திய காது. பின்னலுக்கும் நாடாவுக்கும் அடியில் இந்த முகம் இத்தனை நாளும் இருந்திருக்கிறது. அதைப் பார்க்க அவள்தான் தன்னை விடவில்லை.

அவன் கடைசிப் படிக்கு வந்தான். அவளுக்கு ஓடிப்போய்த் தூக்க வேண்டும் போலிருந்தது. முழங்கால் கேட்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“மகனே” என்றாள்.

பையன் நின்றான். யாரைக் கூப்பிடுகிறாள் என்று திரும்பி, தனக்குப் பின்னால் இருந்த படிகளைப் பார்த்தான். ஒவ்வொரு படியாக மேலே வரைக்கும் பார்த்தான். அங்கே யாரும் இல்லை.

“அம்மா, யாரும் வரல” என்றான்.

“நீதான்டா” என்றாள் செவெல்மா.